தந்தை முடைந்த ஓடம்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக மேற்கே சென்றால், ஏறக்குறைய 46 கிலோமீட்டர் தொலைவில், காவிரி கன்னட நாட்டை விட்டுத் தமிழகத்துள் புகும் எல்லையில் ஒகேனக்கல் இருக்கிறது. கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை; ‘கல்’ அவர்களுக்கும் நமக்கும் பொதுச்சொல். பாறைமீது மோதும் நீர் திவலையாகச் சிதறி எழுவது புகைபோல் தோன்றுவதால் இப்பெயர் வந்தது. அருவியைப் பாடியவரும் எழுதியவரும் பலர். கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும் பரிசலைப் பற்றி எழுதியவர் சிலர். அந்தப் பரிசலை முடைந்தவரையோ, அவருக்கு முடையக் கற்றுக் கொடுத்த தந்தையையோ பற்றி எவரேனும் எழுதியிருப்பின், அது என் கண்ணில் படவில்லை.

அக்குறையை நான் நிரப்பிவிடப் போவதாக நேயர்கள் எண்ணிவிடலாகாது. தம் வீட்டாருக்கென்று ஒரு தாயோ தந்தையோ கையால் செய்து வைக்கும் பொருளுக்கு வரலாற்றில் என்ன இடம் என்னும் கேள்வி நெடுநாளாக என்னுள் இருந்து வருகிறது. அக்கேள்வி எனக்கு முதன்முதலில் எழுந்தது ஒகேனக்கல் கரையில்தான். அது எழுந்த விதத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பரிசலைப் பார்ப்போம்.

பரிசல் என்பது உண்மையில் ஒரு பெரிய கூடை. மூங்கிலைப் பிளந்து, நீண்ட பிளாச்சுகளாகச் சீவி, தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, முதலில் அடிப்பாகத்தைப் பின்னுவார்கள். பின்னல் நகராமலிருக்க நடுவில் கனத்த கற்களை ஏற்றி வைத்து, ஓரங்களைச் சிறிது சிறிதாக மேல்நோக்கி வளைத்து, விளிம்பை வலுவாகக் கட்டிவிடுவார்கள். ஏழெட்டு அடி விட்டமுள்ள ஒரு பரிசலில் எட்டுப் பேர் வரையில் அமரலாம். தேர்ந்த கை ஒரே நாளில் இதனை முடித்துவிடும். முற்காலத்தில் இதன் வெளிப்புறத்தில் தோல் போர்த்தினார்கள். இக்காலத்தில் பெரும்பாலும் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். முன்னும் பின்னும் இல்லாத படகு இது. ஒரே துடுப்பால் வலிக்கும்போது தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போகும். ஆற்றின் போக்கில் கீழே இறங்கியபின், எதிர்நீரில் வலித்துத் திரும்புவதற்குப் பதிலாக, அதனைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு கரை வழியே ஒருவர் நடந்து வருவதும் உண்டு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பெரியதோர் ஆமை இரண்டு கால்களில் நடந்து வருவது போலிருக்கும்.

இக்கூடை சுமந்த வரலாறு சிறிதன்று. 1520ஆம் ஆண்டையொட்டி விஜயநகரத்திற்கு வந்த போர்த்துக்கீசியப் பயணி தொமிங்கோ பயஸ், அங்கே மக்கள் ஆற்றைக் கடக்கும் வட்டப் படகுகளைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். பிரம்பால் பின்னி வெளியே தோல் போர்த்தியவை, பதினைந்து இருபது பேரை ஏற்றுபவை, வேண்டுமானால் குதிரையையும் எருதையும்கூட அக்கரை சேர்ப்பவை, எந்நேரமும் சுழன்றுகொண்டே செல்பவை என்று அவர் குறித்திருப்பதைப் படிப்பவர், ஒகேனக்கலை அவர் பார்த்திருப்பாரோ என்று ஐயுறுவர். அவர் பார்த்தது துங்கபத்திரையை. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளாகியும் செய்முறை மாறவில்லை என்பதே இங்கு நாம் கொள்ளத்தக்கது. கன்னடர் இதனை ‘ஹரிகோலு’ என்றும், தெலுங்கர் ‘புட்டி’ என்றும் வழங்குவர். 1803ஆம் ஆண்டு மராத்தியப் போருக்குப் புறப்பட்ட ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபுவாகி நெப்போலியனை வென்றவர், தக்காணத்து ஆறுகளைத் தம் படை கடப்பதற்காகத் தோல் போர்த்திய கூடைப் படகுகளையே செய்யச் சொல்லி ஆணையிட்டார். சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1930களில் தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் வலைவீசும் மீனவருக்கும் பரிசலே துணையாயிற்று.

இவ்வளவு பேர் எழுதியும், பயன்படுத்தியவன் பெயர் நிற்கிறதே தவிர, முடைந்தவன் பெயர் எங்கும் இல்லை. இதில் எழுதியவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கல்லில் வெட்டியது நிற்கும். செம்பில் பொறித்ததும் நிற்கும். மூங்கிலும் தோலும் சில ஆண்டுகளில் மட்கிப் போகும். மட்கியபின் மகன் புதிதாக ஒன்றை முடைகிறான். ஆகவே பரிசலின் ஆவணம் அந்தப் பரிசலன்று, மகனுடைய கை. அந்தக் கை வேறு தொழிலுக்குப் போய்விட்டால் ஆவணமும் அழிந்தது. தாமிரப் பட்டயத்தை உருக்கியவனைப் பழிக்கிற நாம், இந்த அழிவை அழிவென்றே எண்ணுவதில்லை.

வட்டப் படகு நமக்கு மட்டும் உரியதன்று. பக்தாதில் டைகிரிஸ் ஆற்றின்மீது அண்மைக் காலம்வரை ஓடிய படகு ஒன்றிற்கு ‘குஃப்பா’ என்று பெயர். அரபியில் அச்சொல்லுக்குக் கூடை என்பதே பொருள். நாரைச் சுருள் சுருளாகச் சுற்றித் தைத்து, அந்நாட்டு நிலத்தில் ஊறும் கீலைப் பூசி நீர் புகாமல் செய்வார்கள். அதற்கும் முன்னரே, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில், கிரேக்கரான ஹெரோடோட்டஸ், மரக்கிளைகளால் சட்டமிட்டுத் தோல் போர்த்திய, கேடயம் போல் வட்டமான ஓடங்கள் பாபிலோனுக்குச் சரக்கேற்றி வந்ததைச் சொல்கிறார். ஒவ்வோர் ஓடத்திலும் ஒரு கழுதை இருக்குமாம். சரக்கையும் ஓடத்தின் சட்டத்தையும் விற்றுவிட்டுத் தோலை மட்டும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு வணிகர் ஊர் திரும்புவராம். நம் ஒகேனக்கல்காரர் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடப்பதை, அவர்கள் கழுதைக்கு விட்டுவிட்டார்கள்.

இந்த மெசபடோமிய மண்ணிலிருந்து கிடைத்த ஒரு சிறு களிமண் பலகையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் அப்பலகை ஏறத்தாழ கி.மு. 1750ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தையொட்டி மேற்காசியாவில் பணியாற்றிய ஆங்கிலேய வீரர் ஒருவர் சேர்த்து வைத்த பழம்பொருள்களில் அதுவும் ஒன்று. அவருக்குப்பின் அவருடைய மகன் 1985இல் அதனைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு எடுத்துச் சென்று காட்டினார். அங்குப் பணியாற்றிய இர்விங் ஃபிங்கெல் என்னும் அறிஞர் அதனை முழுமையாகப் படித்து, 2014இல் நூலாக வெளியிட்டார். பெருவெள்ளத்திற்கு முன் கட்டப்பட வேண்டிய பேழையின் அளவுகளும் செய்முறையும் அதில் இருந்தன. அந்தப் பேழை வட்டமானது! ஏறக்குறைய எழுபது மீட்டர் விட்டம். நார்க்கயிற்றைச் சுருட்டிச் சுருட்டிப் பின்னி, உள்ளும் புறமும் கீல் பூசியது. ஒரு வார்த்தையில் சொன்னால், மாபெரும் பரிசல். அச்செய்முறையின்படி, அளவைச் சுருக்கி, ஓர் ஓடத்தைக் கட்டிப் பார்க்க விரும்பியவர்கள் அதற்குத் தேர்ந்த இடம் நம் அண்டை நாடாகிய கேரளம். நார் முறுக்கவும் மரம் வளைக்கவும் தெரிந்த கைகள் அங்கேதான் இன்னும் இருக்கின்றன என்று வந்தார்கள் போலும். கட்டிய ஓடத்தில் நீர் சிறிது கசிந்ததாம், ஆயினும் மிதந்தது.

நம் திருமறை இந்த வடிவத்தைச் சொல்லவில்லை என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். ‘அல்கமர்’ அத்தியாயத்தில், பலகைகளும் அவற்றைப் பிணைக்கும் ஆணிகளும் கொண்ட ஒன்றாகவே நூஹ் (அலை) அவர்களின் கப்பல் குறிக்கப்படுகிறது. களிமண் பலகையில் இருப்பது மனிதர் எழுதி வைத்த கதை. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. என் மனத்தைக் கவர்ந்தது கப்பலின் வடிவமன்று. அதைக் கட்டியவர் ஒரு தந்தை என்பது.

‘ஹூது’ அத்தியாயத்தை இந்த நோக்கோடு ஒருமுறை ஓதிப் பாருங்கள். இறைவனின் ஆணையும் கண்காணிப்பும் இருக்க, நூஹ் (அலை) அவர்கள் கப்பலைக் கட்டுகிறார்கள். அவ்வழியே கடந்து செல்லும் ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொரு முறையும் நின்று நகைக்கிறார்கள். வெள்ளம் மலைபோல் எழுகிறது. ஒதுங்கி நின்ற மகனைத் தந்தை கூவி அழைக்கிறார். மகனோ, மலைமேல் ஏறித் தப்பித்துக் கொள்வேன் என்கிறான். இருவருக்கும் இடையே ஓர் அலை எழுகிறது, அவ்வளவுதான். பின்னர்த் தந்தை தம் மகனுக்காக இறைவனிடம் முறையிடுகிறார். அவன் உம் குடும்பத்தைச் சேர்ந்தவனல்லன் என்னும் விடை வருகிறது. ஊரார் நகைத்ததை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் வீட்டாருக்காகக் கட்டியதில் தம் வீட்டான் ஒருவனே கால் வைக்க மறுத்ததை நினைக்கும்போது, படிக்கிற நமக்கே நெஞ்சு கனக்கிறது. விளக்கவுரையாளர்கள் இங்கே ஈமானைப் பற்றியும் இரத்த உறவைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். அது அவர்கள் துறை. நான் கண்டது, உளியும் வாளும் பிடித்துக் காய்த்த கைகளோடு நின்று மகனை அழைத்த ஒரு தந்தையை.

வீட்டாருக்கெனச் செய்வதெல்லாம் இத்துணைப் பெருங்காரியமாக இருப்பதில்லை. மதீனாவில் ஆஷூரா நோன்பு நோற்ற காலத்தை அன்சாரிப் பெண்மணியாகிய ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் நினைவுகூர்ந்ததை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள். தாய்மார் தம் சிறு குழந்தைகளையும் நோன்பிருக்கச் செய்வார்களாம். பசியால் குழந்தை அழுதால், கம்பளி நூலால் தாங்களே செய்து வைத்திருக்கும் விளையாட்டுப் பொருளைக் கையில் கொடுப்பார்களாம். நோன்பு திறக்கும் நேரம்வரை அது அவர்களுக்குப் போதுமாயிருக்கும். ஹதீஸ் நூல்களில் போர்களும் உடன்படிக்கைகளும் சட்டங்களும் நிறைந்திருக்க, அவற்றின் நடுவே ஒரு கம்பளிப் பொம்மை! அது ஆடா, ஒட்டகமா, வெறும் பந்தா என்று யாரும் சொல்லவில்லை. செய்த தாய்மார் நோன்போடிருந்தார்கள் என்பது மட்டும் தெரிகிறது. தாமும் பசித்திருந்து, பசித்த பிள்ளைக்காகச் செய்த அந்தப் பொம்மையைக் காட்டிலும் உயர்ந்த கைவினையை எந்த அரண்மனையில் தேடுவது?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இளமையில் விளையாடிய பொம்மைகளுள் துணியாலான இரண்டு சிறகுகளைக் கொண்ட குதிரை ஒன்று இருந்ததை அபூதாவூத் வழியாக அறிகிறோம். குதிரைக்குச் சிறகு ஏது என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்க, பெருமானார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்களாம். அவர்களோ தம் ஆடையைத் தாமே தைத்து, தம் செருப்பைத் தாமே செப்பனிட்டுக் கொண்டவர்கள்.

நம் தமிழகத்திலும் இதன் தடம் பழையது. பெரும்பாணாற்றுப்படை, குழந்தைகள் உருட்டி விளையாடத் தச்சர் செய்த சிறுதேரைப் பேசுகிறது. தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி அது இருந்ததாம். தாமிரபரணிக் கரையிலுள்ள பத்தமடையில் நம் லெப்பைக் குடும்பத்துப் பெண்மணிகள் கோரையை ஆற்றுநீரில் ஊறவைத்து, மயிரிழையாகக் கிழித்துப் பட்டுப்போல் பாய் நெய்து வருகிறார்கள். 1953இல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் பரிசாகச் சென்றதைப் பெருமையோடு சொல்லிக் கொள்கிறோம். எனக்கு அதைவிட, மணமக்கள் பெயரைப் பாயிலேயே வைத்து நெய்யும் வழக்கம்தான் பெரிதாகப் படுகிறது. அரசியின் பாய் அரண்மனையில் எங்கோ ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும். இந்தப் பாயில் ஒரு குடும்பமே பிறந்து வளரும்.

இனி, நான் முதலில் சொல்லிவைத்த விஷயத்திற்கு வருகிறேன்.

என் அத்தா தருமபுரியில் ஒரு புளி மண்டியில் கணக்கு எழுதியவர். பகலெல்லாம் மூட்டையும் எடையும் எழுதி வந்த கை, இஷாத் தொழுகைக்குப்பின் சும்மா இருக்காது. பட்டம், ஓலைக் காற்றாடி, பனங்காய் வண்டி, பெருநாளைக்கு வண்ணத்தாள் ஒட்டிய விளக்குக் கூடு என்று ஏதேனும் ஒன்றைச் செய்துகொண்டே இருப்பார். ஒருமுறை ஒரே பலகையைக் கீலோ ஆணியோ இல்லாமல் நடுவே அறுத்து, இரண்டாக மடங்கி விரியும் ரேஹால் செய்ய முயன்றார். மூன்று பலகைகள் பிளந்துபோயின, நான்காவது நின்றது. எங்கள் வீட்டில் திருமறை ஓதிய பிள்ளைகள் எல்லாரும் அதில் வைத்துத்தான் ஓதினோம். அம்மா, “மண்டியில் கொடுக்கிற சம்பளம் பலகைக்கே போகிறது” என்று முணுமுணுப்பார். அறுத்த தூளைக் கூட்டி அள்ளி, அடுப்புக்கென்று பத்திரமாக எடுத்தும் வைப்பார்.

1968 வாக்கில் எங்களை ஒகேனக்கலுக்கு அழைத்துப் போனார். நாங்கள் அருவியைப் பார்த்தோம். அவர் பரிசல் முடைகிறவர் அருகில் குந்தி அமர்ந்துவிட்டார். ஊருக்குத் திரும்பிய பத்தாம் நாள், ஒரு முழம் விட்டமுள்ள சிறு பரிசல் ஒன்று எங்கள் கூடத்தில் இருந்தது. மூங்கில் பிளாச்சைப் பென்சில் சீவுவதுபோல் சீவிப் பின்னியிருந்தார். தோலுக்குப் பதிலாகப் பழைய குடைத்துணி.

அதே வாரம் கடைத்தெருவில் நான் ஒரு பிளாஸ்டிக் கப்பலைப் பார்த்திருந்தேன். சிவப்பு நிறம், புகைபோக்கியும் உண்டு. அத்தாவின் பரிசலைக் கிணற்றடித் தொட்டியில் விட்டோம். ஒரு சுற்றுச் சுற்றியது. துணியில் நீர் ஏறியது. மெல்லச் சாய்ந்து அமிழ்ந்தது. நான் சிரித்தேன். சிரித்ததோடு நில்லாமல், கடைக் கப்பல் முழுகாது என்றும் சொன்னேன். அத்தா ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து நீரை உதறி வெயிலில் வைத்தார். மறுவாரம் சிவப்புக் கப்பல் வந்தது. பரிசலில் அம்மா வெங்காயம் போட்டு வைத்தார். அதற்குப்பின் அத்தா விளக்குக் கூடு செய்ததுண்டு, பட்டம் செய்ததுண்டு. ஓடம் மட்டும் செய்யவில்லை.

சிவப்புக் கப்பல் ஓராண்டு தாங்கவில்லை. வெங்காயக் கூடை அம்மாவின் காலம்வரை சமையற்கட்டில் இருந்து, பின்னர் என்னிடம் வந்தது. ‘ஹூது’ அத்தியாயத்தை ஓதும்போது அந்த மகனிடத்தில் எனக்கு ஏன் கோபம் வருவதில்லை என்பதைப் பலமுறை யோசித்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பேரப்பிள்ளைகளோடு ஒகேனக்கல் சென்றபோது அந்தச் சிறு பரிசலையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்றேன். மேலே மழையில்லாத காலம். ஆறு அடங்கி ஓடியது. வெள்ளம் மிகுந்தால் பரிசல் ஓட்டத் தடை போட்டுவிடுவார்கள், அன்று தடையில்லை. சின்னாறு காவிரியில் கலக்கும் பக்கமாக, பழுதான பரிசல் ஒன்றிற்குப் புதுப் பிளாச்சு கொடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் நம் பொருளைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் விரலை வைத்துப் பின்னலை எண்ணினார்.

“யார் பின்னினது, பாய்?”

“எங்க அத்தா. தொழில்காரர் இல்லை. பார்த்துப் பின்னினார்.”

“அடி சரியாத்தான் போட்டிருக்கார். விளிம்புல கொஞ்சம் அவசரம்.” குடைத்துணியை நிமிண்டிப் பார்த்தார். “துணியும் நல்ல யோசனைதான். தார் பூசாம விட்டுட்டாரே.”

முழுகியதற்குக் காரணம் அவ்வளவுதான் என்பதை நாங்கள் யாரும் கேட்டறிந்து கொள்ளவில்லை. நான் பேசாதிருந்தேன். பெரியவர் தம் மகனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் எழுந்து போய், அடுப்பின் மேலிருந்த தகரக் குவளையை, சூடு தாளாமல் துண்டால் பிடித்துக்கொண்டு, எடுத்து வந்தான்.